உலக்கை விழும்வரை

என் மூத்தவன் சைலு பிறந்தபோது அவனுக்குப் பால் குடிக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதுகூடத் தப்பு. பாவம், பசித்ததும் வாயைக் கொண்டுவந்து முட்டுவான். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்ததால் அவன் உறிஞ்ச உறிஞ்சக் காற்றுதான் போகும், பால் வராது. பஞ்சுத் திரியை நனைத்துச் சொட்டுவிட்டால் பாதி மூக்கு வழியாக வெளியே வந்துவிடும். இருப்பானா, போவானா என்று மடியில் வைத்துக்கொண்டு பல மாதம் நான் உட்கார்ந்தே தூங்கினேன். அதனால் வயிற்றில் இரண்டாவது தங்கியபோது எனக்கு சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வந்த அன்றைக்கு சாயங்காலமே போயும் விட்டது.

எங்கள் சூர்யாபேட்டைப் பக்கத்தில் அந்த உதட்டை கிரகண மூளி என்பார்கள். கிரகணம் பிடித்திருக்கும்போது பிள்ளைத்தாய்ச்சி எதையாவது வெட்டினால் வயிற்றுப் பிள்ளையின் உதடு வெட்டுப்படும் என்பது பேச்சு. சைலு வயிற்றில் இருந்தபோது, நான் அம்மா வீட்டில் இருந்த சமயம், ஒரு கிரகணம் வந்தது உண்மைதான். ஆனால் நான் எதையும் வெட்டவில்லை. விட்டுப் போகும்வரை பாயில் மரக்கட்டை மாதிரிக் கிடந்தேன். என் மாமியார் புச்சம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்களேன்.

"ஒண்ணும் வெட்டலைன்னா, வானத்துல இருந்து இறங்கி வந்தா வெட்டுனாங்க? ஒரு பாக்காவது கடிச்சிருப்ப."

"நான் பாக்கே போடமாட்டேனே அத்தம்மா."

"அப்ப நகத்தைக் கடிச்சிருப்ப."

நாலு வருஷம் இதே பேச்சு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பேரன்மேல் அவளுக்கு உயிர். "பிட்டா, பிட்டா" என்று, கண்ணே என்கிற மாதிரி, அவனைத்தான் கூப்பிடுவாள். அவன் மூக்கால் பேசுவதைத் தெருப்பிள்ளைகள் பழித்தால் விளக்குமாற்றோடு ஓடுவாள். அவன்மேல் இருந்த பாசமெல்லாம் என் பக்கம் வரும்போது குத்தலாக மாறிவிடும்.

இரண்டாவதற்கு எனக்கு மாதம் நிறைந்திருந்த நேரத்தில்தான் அந்தப் பெரிய கிரகணம் வந்தது. எண்பதாம் வருஷம், மாக மாத அமாவாசை. பட்டப்பகலில் சூரியன் முழுக்க மறையும், எங்கள் பக்கம் இருட்டாகிவிடும் என்று டீக்கடை ரேடியோ நாலைந்து நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. முதல் பிரசவம் பிறந்த வீட்டில், அடுத்தது புகுந்த வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஆகவே பக்கத்தில் அம்மா இல்லை. அத்தம்மாதான்.

அன்றைக்குக் காலையில் எழுந்ததுமே அவள் வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் பொறுக்கினாள். அரிவாள், கத்தி, பாக்குவெட்டி, தையல் ஊசிகூட விடவில்லை. பிரசவத்துக்கென்று வாங்கி மாடத்தில் வைத்திருந்த புது பிளேடையும் எடுத்து, எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து சோளக் கூடைக்கு அடியில் தள்ளினாள்.

"பிளேடு எதுக்கு அத்தம்மா? அது எங்கயாவது எந்திரிச்சு வந்து என்னை வெட்டிடுமா?"

"வாயை மூடு. உன் கை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்."

தண்ணீர்ப் பானையில் தர்ப்பை போட்டாள். மத்தியானம் கிரகணம் பிடிக்கிற நேரத்துக்குப் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி முற்றத்தில் வைத்து, அதன் நடுவில் உலக்கையை நிறுத்தினாள். கிரகணம் பிடித்ததும் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் தானாக விழும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அதுதான் கடிகாரம். அது விழும்வரை யாரும் வெளியே வரக்கூடாது, சாப்பிடக்கூடாது, முக்கியமாக நான் அசையக்கூடாது. கையைக் காலை மடக்கினால் பிள்ளைக்கு மடங்கிவிடும், சொறிந்தால் தழும்பு விழும்.

உள்ளறையில் பாயைப் போட்டு என்னை நீட்டிப் படுக்க வைத்தாள். ஜன்னலில் கோணியை அடைத்தாள். என் வீட்டுக்காரர் ஐலய்யா முன்கட்டில் சைலுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவு இடுக்கு வழியாக எனக்கு உலக்கை மட்டும் தெரிந்தது.

அது நின்ற கொஞ்ச நேரத்தில் எனக்கு வலி எடுத்தது.

முதலில் முதுகில் ஏதோ இழுத்தது. படுத்ததால் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்தது வயிற்றைச் சுற்றி வந்து பிடித்தபோது தெரிந்துவிட்டது. அசையாமல் கிடந்தேன். வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும், சொல்லாவிட்டால் நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். சைலுவின் மூக்கிலிருந்து பால் வடிந்தது கண்ணுக்குள் வந்து வந்து போனது. இப்போது வராதே, தாயே, இப்போது வராதே என்று வயிற்றிடம் கெஞ்சினேன். அது கேட்கிற மாதிரி இல்லை. பாய் நனைந்ததும் அத்தம்மாவே பார்த்துவிட்டாள்.

"ஐயோ, ஏ யாதம்மா! இப்பவா?"

"நானா நேரம் பார்த்து வச்சேன்?"

"அடக்கு. உலக்கை விழற வரைக்கும் அடக்கிக்கோ."

"இதென்ன அத்தம்மா, தும்மலா அடக்குறதுக்கு?"

அவள் என் இரண்டு முழங்காலையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினாள். "டேய் ஐலய்யா! கொமரம்மாவைக் கூட்டிட்டு வாடா!" என்று கத்திவிட்டு, உடனேயே, "வேணாம்டா, வெளிய போகாதடா!" என்றும் கத்தினாள். அவர் இரண்டாவது பேச்சைக் கேட்கவில்லை. தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஓடினார். கொமரம்மாதான் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவள்.

சீக்கிரமே திரும்பிவிட்டார். கதவுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கினார்.

"கதவையே திறக்கலம்மா. உள்ள இருந்தே பேசுது. உலக்கை விழட்டும், விழுந்ததும் வர்றேங்குது."

"நாசமாப் போறவ! உன் பொண்டாட்டிக்குத் தலை தெரியுதுன்னு சொல்லலையா?"

"நீதானம்மா அடக்கச் சொன்ன? தலை தெரியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தலை இன்னும் தெரியவில்லைதான். ஆனால் இறங்கிவிட்டது எனக்குத் தெரிந்தது. சிரிக்காதீர்கள், நானும் அடக்கத்தான் பார்த்தேன். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு காலை இறுக்கினேன். வெளியே வந்தால் கிரகணம் உதட்டைத் தின்னும். உள்ளேயே இருந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். எந்தப் பக்கம் தள்ளுவது? பெற்றவளே தன் பிள்ளைக்கு வழி மறித்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் இருட்டத் தொடங்கியது. சாயங்கால இருட்டு மாதிரி மெதுவாக வரவில்லை. போர்வையை இழுத்துப் போட்ட மாதிரி வந்தது. கோழிகள் அடித்துப் பிடித்துக் கூண்டுக்குள் ஓடின. வேப்பமரத்தில் காக்கைகள் ஒரே கூச்சல், அப்புறம் சத்தமே இல்லை. எங்கேயோ ஒரு நாய் ஊளையிட்டது. முன்கட்டில் சைலு, "அம்மா எங்க?" என்று அழுதான். உடம்பு என் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. அத்தம்மாவின் கையை உதறிக்கொண்டு கால் தானாக விலகியது.

"வந்துடுச்சு அத்தம்மா…"

பிள்ளை அவள் கையில் வழுக்கி விழுந்தது. நான் காத்திருந்தேன். அழுகைச் சத்தம் வரவில்லை.

"ஏன் அழல?"

இருட்டில் அவள் கை எதையோ தடவுவது மட்டும் கேட்டது.

"ஏன் அழல அத்தம்மா?"

"கழுத்துல கொடி. ரெண்டு சுத்து. இறுகிப்போய்க் கிடக்கு, விரல் நுழைய மாட்டேங்குது."

"வெட்டுங்க."

"கிரகணத்துலயா?"

"வெட்டுங்க அத்தம்மா!"

"எப்படி வெட்டுவேன்? இன்னும் நிக்குதே அது!"

கதவு இடுக்கில் பார்த்தேன். நிஜமாகவே நின்றுகொண்டிருந்தது. அந்தக் கருக்கலில் முற்றத்து நடுவே ஒரு ஆள் நிற்கிற மாதிரி, கறுப்பாக, அசையாமல். எனக்கு எழுந்திருக்கத் தெம்பு இல்லை. பிள்ளையின் கால் என் தொடைமேல் கிடந்தது. ஈரமாக, துவண்டு, துணி மாதிரி. சைலு பிறந்த உடனே உதைத்தானே, இது உதைக்கவில்லையே என்று நினைத்தேன். உதடு எப்படியோ இருக்கட்டும், நான் திரி போட்டுப் பால் கொடுக்கிறேன், உட்கார்ந்தே தூங்குகிறேன். உதைத்தால் போதும்.

அத்தம்மா எழுந்தாள். அவள் முட்டி சொடுக்கியது எனக்குக் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு நேராக முற்றத்துக்குப் போனாள். அந்த நேரத்தில் வாசல் தாண்டினால் கண் போகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள். முந்தானைகூடத் தலையில் இல்லை. உலக்கையைக் காலால் ஒரு உதை விட்டாள்.

தாம்பாளம் கணீரென்றது. தண்ணீர் சிதறியது. உலக்கை உருண்டு மாட்டுக் கொட்டில்வரை போனது.

"விழுந்துடுச்சு!" என்று கத்தினாள். யாரிடம் சொன்னாளோ தெரியாது. "ஐலய்யா, கேட்டுக்கோ, உலக்கை விழுந்துடுச்சு! கிரகணம் விட்டுடுச்சு!"

"இன்னும் இருட்டாத்தானேம்மா இருக்கு?"

"உன் கண்ணு இருட்டு! கூடைக்கு அடியில மூட்டை இருக்கு, எடுத்துத் தூக்கிப் போடுடா!"

அவள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள், பின்னாலேயே மூட்டையும் வந்து விழுந்தது. கொடியை மஞ்சள் நூலால் இரண்டு இடத்தில் கட்டினாள். பிளேடு கொடியில் ஓடிய சத்தம் கேட்டதும் நான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். ஏதோ என் உதட்டையே வெட்டுகிற மாதிரி இருந்தது. பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தாள், தட்டினாள். ஒன்றும் இல்லை. தாம்பாளத்தில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரை அள்ளி அதன்மேல் அடித்தாள். ஒன்றும் இல்லை. பிறகு அந்தத் தாம்பாளத்தையே அதன் காதோரம் பிடித்து, கரண்டியால் டங், டங் என்று அடிக்கத் தொடங்கினாள்.

அந்தச் சத்தம் சுவர் தாண்டிப் போனது. ராகுவை விரட்டத் தட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டுச் சோமக்கா நினைத்திருக்க வேண்டும். அவளும் ஒரு தட்டை எடுத்து அடித்தாள். எதிர்வீட்டிலும் அடித்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தெரு முழுக்க, பூட்டிய கதவுகளுக்குப் பின்னால், தட்டும் குடமும் மூடியுமாக அடித்தார்கள். என் பிள்ளைக்காகத்தான் அடிக்கிறோம் என்று அதில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த இரைச்சலுக்கு நடுவில் பூனைக்குட்டி தும்மியது போல ஒரு சத்தம். அப்புறம் ஒரு விக்கல். அப்புறம், அம்மாடி, ஒரு அழுகை!

அத்தம்மா தாம்பாளத்தைக் கீழே போட்டாள். "பொண்ணு," என்றாள். "அழுவுது பாரு, உன்னை மாதிரியே எதிர்த்துப் பேசுது."

வெளிச்சம் கோணி இடுக்கு வழியாகத் திரும்பி வந்தது. பிள்ளையைத் துணியில் சுற்றி என் நெஞ்சில் வைத்தாள். முகத்தைத் துணி மூடியிருந்தது. நான் விலக்கவில்லை. அவளும் விலக்கவில்லை.

"பாரு."

"நீங்க பாருங்க அத்தம்மா."

"பெத்தவ நீ. நீ பாரு."

"நீங்கதான வெட்டுனீங்க? நீங்க பாருங்க."

அவள் முகம் அப்படியே வெளிறியது. நான் குத்தலாகச் சொல்லவில்லை, பயத்தில் வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் சைலு அப்பாவின் கையிலிருந்து நழுவி உள்ளே ஓடி வந்தான். அவனுக்கு என்ன பயம்? துணியை விலக்கினான், தன் சுட்டுவிரலைக் கொண்டுபோய் அதன் வாயில் வைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா! இழுக்குது!" என்று மூக்கால் கத்தினான். "விரலைப் பிடிச்சு இழுக்குதும்மா, விடவே மாட்டேங்குது!"

காற்றுப் போகிற சத்தம் இல்லை. சப், சப் என்று இறுக்கமாக உறிஞ்சுகிற சத்தம்தான். கண்ணைத் திறந்தேன். அவன் விரலைச் சுற்றி இரண்டு உதடும் முழுசாக மூடியிருந்தன.

சைலு தன் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தான். பாப்பாவின் உதட்டைத் தொட்டான். மறுபடி தன்னுடையதைத் தொட்டான்.

"என்னை மாதிரி இல்லையா?"

தெருப்பிள்ளைகளிடம், "எங்க வீட்டுக்கும் ஒண்ணு வரப்போகுது, அதுவும் என்னை மாதிரியே இருக்கும்" என்று அவன் சொல்லிவைத்திருந்தது எனக்குத் தெரியும். அத்தம்மாதான் அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கையெல்லாம் ரத்தத்தோடு, அவன் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நடுக் கிரகணத்தில், இரும்பு பட்டு, இது முழுசாக வந்திருக்கிறதே, அப்படியானால் இவன் உதடு எதனால் பிளந்தது என்று அவள் மனசில் ஓடியிருக்க வேண்டும்.

"உன்னை மாதிரி இருக்க அதுக்குக் குடுத்து வைக்கல பிட்டா," என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு என்னைப் பாக்கு கடித்தாயா, நகம் கடித்தாயா என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சோமக்கா குரல் கொடுத்தாள். "அத்தே! பிள்ளை சத்தம் கேக்குதே! கிரகணம் விட்டுடுச்சா? எங்க உலக்கை இன்னும் நிக்குதே!"

அத்தம்மா வாசலுக்கு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்களுது எப்பவோ விழுந்துடுச்சு. உங்களுது சோம்பேறி உலக்கை. ஒரு உதை விட்டுட்டு வந்து தண்ணி காய வைடி!"