யக்ஞநாராயணனின் பிளாப்பி

மதிப்பெண் கேட்ட இடத்தில் 110 என்று அடித்ததும் திரையில் 'தவறு' என்ற சொல் நிற்காமல் ஓடியது. சுப்ரஜா இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தி அதை நிறுத்தினாள்.

"பாருங்கோ மாமா. தப்புன்னு சொல்றதே தவிர, வேற நம்பர் குடுன்னு மறுபடி கேக்கவே மாட்டேங்கறது. கேக்கற வரி, திரும்பத் திரும்ப ஓடற லூப்புக்கு வெளியிலயே நின்னுடுத்து. உள்ளேயும் ஒண்ணு போடணும்."

என் மருமகள் கல்யாணத்துக்கு முன் காட்டாங்குளத்தூரில் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்தவள். ராஜகீழ்ப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் யக்ஞநாராயணன், மாணவர்களின் ஜாவா புரோகிராம்களைத் திருத்தித் தரச் சொல்லி ஒரு பிளாப்பியை என் பிள்ளை சூர்யாவிடம் கொடுத்திருந்தார். அவன் "ரெண்டு நிமிஷ வேலை" என்று வாங்கி டிவி மேல் வைத்ததோடு சரி. வாக்குக் கொடுத்துவிட்டுச் செய்யாமலிருப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. நான்தான் அதை எடுத்து அவளிடம் நீட்டினேன். சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தவள், ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்திலேயே காரணமும் எழுதி வைத்தாள்.

மறுநாள் காலை பிளாப்பியை வாங்கிப் போன யக்ஞநாராயணன் சாயங்காலமே திரும்பி வந்தார்.

"ஓய் தோத்தாத்ரி, யாருங்காணும் இதைப் பண்ணினது? எங்க மாஸ்டருக்கே இப்படிச் சொல்லித்தர வராது."

சுப்ரஜா காபியுடன் சமையலறை வாசலில் நின்றாள்.

"சூர்யாதான்" என்றேன். பிள்ளை மறந்ததும் மருமகள் செய்ததும் காலனி முழுக்கத் தெரிய வேண்டுமா?

அவர் முகம் வாடியது. "அடடா. உம்ம மாட்டுப்பொண்ணோன்னு நினைச்சேன். சாயங்கால பேட்சுக்குச் சொல்லித்தர ஆள் தேடிண்டிருக்கேன். அவன் சிங்கப்பெருமாள் கோவில்ல வேலை முடிஞ்சு வீடு திரும்பவே ராத்திரியாயிடுமே. சரி, வேற யாரையாவது பாக்கறேன்."

பெண் பார்த்த அன்று சுப்ரஜாவின் அப்பாவிடம், "பக்கத்துலயே நல்ல இடமாக் கிடைச்சா வேலைக்குப் போகட்டும்" என்று சொன்னவன் நான். இப்போது அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேப்பரை மடித்தேன்.

"சக்கரை போறுமா மாமா?" என்று அவரிடம் கேட்டாள்.

"போறும்மா. உன் மாமனாருக்கு இன்னும் ரெண்டு ஸ்பூன் போடு. மூஞ்சியைப் பாரு!" என்று சிரித்தார்.

அவர் எழுந்து போனதும் அவள் வந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் அதட்டியிருப்பேன். வெளியே ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் கேட்டது. செருப்புக்கூட இல்லாமல் வாசல் கேட்டுக்கு ஓடினேன். கூப்பிட வாயைத் திறந்தேன். கைதான் உயர்ந்தது. ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்தார் போலிருக்கிறது. திரும்பாமலே தானும் கையை ஆட்டிவிட்டு, தெருமுனையில் வேளச்சேரி ரோட்டுப் பக்கம் மறைந்தார்.

உயர்த்திய கையை இறக்கத் தோன்றவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த லோகநாயகி மாமி, தன்னைத்தான் என்று நினைத்து, தானும் கையசைத்தாள்.