காலிக் கோட்டையில் அம்மா படம்

வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. மூன்று நாளாகக் கப்பல் தளத்தில் துரு சுரண்டிய வலி. நாலு மாதத்துக்குப் பிறகு ஒரே ஒரு நாள் லீவு. கப்பல் காலித் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தது. நாலு மணிக்கு நான் திரும்பப் படகு ஏற வேண்டும்.

அம்மா நாகலெட்சுமி முந்தின நாளே மலைநாட்டு லிந்துலையில் பஸ் ஏறி, கொழும்பில் மாறி வந்திருந்தாள். கோட்டை வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். கால் வீங்கியிருந்தது.

"கஜேந்திரா, இந்த மதில வெள்ளக்காரனா கட்டுனான்?"

"ஒல்லாந்துக்காரன்மா."

"எவனோ. மேல ஏத்திக் காட்டிட்டு, பால் போடாம ஒரு பிளேன்டி வாங்கிக் குடு."

மதில்மேல் கொஞ்ச தூரம் நடந்தோம். வெளிச்சவீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்தெருவுக்கு இறங்கினோம். பாதி வீடுகள் ஹோட்டலாகியிருந்தன. தேயிலை விற்கிற கடை ஒன்று இருந்தது. உள்ளே நுழைந்ததும் அம்மா நின்றுவிட்டாள்.

சுவரில் அம்மா. கதவளவு படம். முதுகில் கூடை, மூக்குத்தி, சிரிப்பு.

"மூக்குத்தி பக்கத்து வீட்டு ஜெயந்தினியோடது. கூடை, படம் பிடிக்க வந்தவன் கொண்டாந்தது. நாம கொழுந்து போட பையத்தானே கட்டுறோம்" என்றாள்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் படத்திலிருந்த தன் கையைப் பார்த்தாள். முகம் மாறிப்போனது.

"டேய், கையில பாரு. முத்தல் எல. அதுவும் காம்போட! 'பெருசாப் புடி, பெருசாப் புடி'ன்னு அவன்தான் புடிக்க வெச்சான். முப்பத்தோரு வருஷம் கொழுந்து எடுத்தவள, எல தெரியாதவளா மாட்டி வெச்சிருக்கானுங்க. எறக்கச் சொல்லு."

கடைக்காரப் பெண்ணிடம் சிங்களத்தில் சொன்னேன். அவள் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலாளியைக் கேட்காமல் முடியாதாம். ஒரு தேயிலைப் பெட்டியை எடுத்து அம்மா கையில் வைத்தாள். சும்மாதானாம்.

அம்மா பெட்டியை மேசையில் திருப்பி வைத்தாள். "தூள் கேட்டா வந்தேன்? நாங்க எடுத்த கொழுந்த எங்களுக்கே ஓசியில குடுக்குறாளாம்." அவள் படத்தை நோக்கிப் போனதும் கடைக்காரப் பெண் சிங்களத்தில் கத்தினாள்.

"பொலிசைக் கூப்பிடுவேன்னு சொல்றாங்கம்மா."

"கூப்பிடட்டும். வர்றவனுக்கும் கொழுந்து எது, முத்தல் எதுன்னு காட்டுறேன். நீ அந்தப் பக்கம் புடி."

பொலிசில் என் பேர் ஏறினால் கப்பல் வேலை போகும். அது அம்மாவுக்கும் தெரியும். அவள் ஒரு பக்கம் பிடித்துவிட்டாள். நானும் பிடித்தேன். படத்தை இறக்கி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாத்தினோம். பிளேன்டி குடித்துக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கடைக்காரப் பெண் போனைக் கையில் எடுத்தாள். ஆனால் யாரையும் கூப்பிடவில்லை.

வெளியே வந்ததும், "இப்ப போதுமா, தாயே?" என்றேன்.

"என்னத்தப் போதும்? அன்னிக்கு அந்தப் படத்துக்கு ரெண்டு மணித்தியாலம் என்னைய நிக்க வெச்சானுங்க. முழுநாள் சம்பளத்துக்கு எடுக்க வேண்டிய பதினெட்டு கிலோ வரல்ல. பையில கெடந்த முத்தலையும் கொழுந்து நிறுக்குற கணக்கப்புள்ள கழிச்சிட்டாரு. அரைநாள் சம்பளந்தான் போட்டாங்க. படம் புடிச்சவனும் தரல்ல, தோட்டமும் தரல்ல. மிச்ச அரைநாள் சம்பளம் எனக்கு இன்னும் வரணும்."