முழங்கை உயரம்

ஓட்டுநருக்குச் சுவரில் ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. பேருந்தை எந்தச் சந்தில் விட்டாலும் பக்கத்துச் சுவரில் உரசாமல் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சுத்தியலைக் கையில் கொடுத்தால் மட்டும் ஆணி வளையும், காரை உதிரும், கட்டைவிரல் வீங்கும். அப்படிப்பட்ட மனிதர் பொதுப் பட்டறையில் உறுப்பினராகச் சேர்ந்தார் என்றால் வீட்டில் நிலைமை அந்த அளவுக்கு முற்றியிருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. தைப்பதற்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். துணி வெட்டுவது மட்டும் மனைவியின் கை. தரையில் துணியை விரித்து, முழங்கால் போட்டுக் குனிந்து, சாக்கட்டியால் கோடு கிழித்து அவர் வெட்டினால் ஒரு துண்டு துணி வீணாகாது. அந்த முதுகுதான் போன மழைக்காலத்தில் காலை வாரிவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்: இனிக் குனியவே கூடாது, நிமிர்ந்து நின்று எவ்வளவு வேலை வேண்டுமானாலும் செய்யலாம்.

நிமிர்ந்து நின்று எங்கே துணி வெட்டுவது? சாப்பாட்டு மேசையில் வெட்டிப் பார்த்தார். அதற்கும் குனிய வேண்டியிருந்தது. பாதிச் சட்டை வெட்டுவதற்குள் வலி உயிரை எடுத்துவிட்டது. அடுத்த தெருத் தையல்காரம்மா ஒருவர் கடையை மெஷின்களோடு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"குடுத்துடலாங்க," என்றார் மனைவி. "வெட்டத் தெரியாதவகிட்ட யாரு துணி குடுப்பா?"

"உனக்கா வெட்டத் தெரியாது?"

"குனியத் தெரியலையே."

சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எண்ணெய் போட்டுத் துடைத்து, துணியில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அவர் அழுதிருந்தால்கூட ஓட்டுநர் தாங்கியிருப்பார். அந்தப் பூட்டுகிற சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

நின்று வெட்டும் மேசை கடையில் கிடைக்கவில்லை. தச்சரோ இப்போதைக்குக் கையில் வேலை நிறைய இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார். அப்போதுதான் தினமும் பேருந்தில் கடந்துபோகும் அந்தப் பலகை நினைவுக்கு வந்தது: 'பொதுப் பட்டறை. கருவிகள் இங்கே இருக்கின்றன. வேலையை நீங்கள் செய்யலாம்.'

ஒரு காலத்தில் அச்சகத்தின் கிடங்காக இருந்த நீளமான கூடம் அது. சுவர் முழுக்கக் கருவிகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்பு மையில் வரைந்திருந்தார்கள். எதையாவது யாராவது திருப்பி மாட்டவில்லை என்றால் வெறும் நிழல் மட்டும் தொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சந்தா கட்டினால் ரம்பம், டிரில், இழைப்பு மெஷின் எல்லாம் எல்லோருக்கும் பொது. இன்னொரு வழக்கமும் உண்டு. செய்தவரைத் தவிர வேறொருவர் அதில் பாரம் வைத்துப் பார்த்து, போகலாம் என்று சொல்லாமல் எந்தப் பொருளும் வாசல் தாண்டாது.

அந்தப் பாரம் பெரும்பாலும் யானையுடையது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அந்த மனிதருக்கு உடம்பைப் பார்த்து வைத்த பெயர். கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார். அவர் உட்கார்ந்து உடையாத நாற்காலியில் உலகத்தில் யாரும் உட்காரலாம். அவரோடு எப்போதும் ஒரு நர்ஸ் இருப்பார், நெடுநெடுவென்று கொடிக்கம்பம் மாதிரி. இரவு வேலை முடிந்து வந்து தன் வீட்டுக்குப் புத்தக அலமாரி செய்துகொண்டிருந்தார்.

ஓட்டுநர் முதல் நாளே தன் சட்டைக் கையைப் பலகையோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, நர்ஸ் கையை விடுவித்துக் கொடுத்தார். யானை தன் வேலையைப் போட்டுவிட்டுப் பெரிய பலகைகளைப் பிடித்துக்கொண்டார். மனைவியின் முதுகுக் கதையைக் கேட்டபிறகு ஆளாளுக்கு வந்து ஒரு கை கொடுத்தார்கள். மேசையின் உயரத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பட்டறை மேசைகளில் நின்றுதானே எல்லோரும் வேலை செய்கிறோம், அதே உயரம் வைத்துவிடலாம் என்றார்கள். வைத்தார்கள்.

முடிந்ததும் யானை மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினார். மேசை முனகக்கூட இல்லை. நர்ஸ் துணி வெட்டுவதுபோல் கையை நீட்டி நின்று பார்த்து, முதுகு கொஞ்சமும் வளையவில்லை, அருமையான உயரம் என்று சான்றிதழ் கொடுத்தார். ஓட்டுநருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பேர் தனக்காக வேர்வை சிந்தியிருக்கிறார்கள். நன்றி சொல்ல வாயைத் திறந்தால், போய் மேசையைத் தூக்குங்க என்று விரட்டினார்கள்.

வீட்டில் மனைவி மேசையைத் தடவிப் பார்த்தார். ஓரங்களை விரலால் வருடினார். துணி எங்கேயும் சிக்காது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பீரோ திறந்தது. கத்தரிக்கோல் வெளியே வந்தது. ஓட்டுநர் பேருந்தில் ஏறிய பயணிகளிடமெல்லாம் சிரித்துப் பேசினார்.

சில நாள் கழித்து மனைவி தோளில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். கேட்டால், குளிர் என்றார். ஒரு மத்தியானம், மாற்று ஓட்டுநர் சீக்கிரம் வந்துவிட்டதால் ஓட்டுநர் நேரத்தோடு வீடு திரும்பினார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மனைவி மடித்த மெத்தை விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் நின்றுகொண்டிருந்தார். அப்படியும் மேசை அவர் நெஞ்சுக்கு வந்தது. தோள் இரண்டும் காதைத் தொட்டன. ஒவ்வொரு எட்டுக்கும் காலடியில் விரிப்பு வழுக்கியது. தைத்த முதுகோடு அந்த உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்த மாத்திரத்தில் ஓட்டுநர் சட்டென்று உள்ளே போனார்.

மெதுவாகக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க செஞ்சதுங்க. ஊரே கூடிச் செஞ்சது. அதப் போய் உயரம்னு எந்த வாயால சொல்றது?"

அதோடு, மாதக் கடைசியில் வந்து மெஷின்களை எடுத்துக்கொள்ளும்படி அந்தத் தையல்காரம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டதையும் சொன்னார்.

மறுநாள் காலையில் மேசையும் மனைவியும் ஒரே வண்டியில் பட்டறைக்குப் போனார்கள். அவரை நேரில் பார்த்ததுமே எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த மெஷின்களை நிறுத்தினார்கள். அவர் தலை யானையின் நெஞ்சுக்கு வந்தது, அவ்வளவுதான். நர்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டு, நோயாளியைப் பார்க்காமலே மருந்து கொடுத்துவிட்டேனே என்றார். பிறகு மேசைக் காலை எவ்வளவு வெட்டுவது என்று ஆளுக்கொரு அளவு சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் இவ்வளவு என்று விரலை விரித்தார், இன்னொருவர் இல்லை இவ்வளவு என்று கையை விரித்தார்.

மனைவி கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி ஓட்டுநரிடம் நீட்டினார்.

"ஊர்ல இருக்கிற எல்லார் அளவையும் நான் எடுத்திருக்கேன். என் அளவ இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல. நீங்க எடுங்க."

வெட்டும்போது போடும் செருப்பைக் கழற்றாமல் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினார். அதற்குக் கொஞ்சம் கீழே மேசை வந்தால் போதும் என்றார். ஓட்டுநர் தரையில் முழங்கால் போட்டு நாடாவின் ஒரு முனையைச் செருப்புக்குப் பக்கத்தில் அழுத்திப் பிடித்தார். நர்ஸ் மேல் முனையைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் அண்ணாந்து எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அளவைச் சொன்னார். நாலு காலும் இம்மி பிசகாமல் ஒரே நீளத்துக்கு விழும்படி ரம்பத்தில் கட்டை வைத்துக் கொடுத்தார் யானை, வெட்டியது ஓட்டுநர்.

உப்புத்தாள் தேய்த்து நிறுத்தியதும் மனைவி பையிலிருந்து துணியை எடுத்து விரித்தார். கத்தரிக்கோல் இந்த ஓரத்தில் புகுந்து அந்த ஓரத்தில் வந்துதான் நின்றது. தோள் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் நர்ஸையும் யானையையும் பார்த்து, உங்களுக்கெல்லாம் நான் என்ன செய்யப்போறேன் என்று கேட்டார். கால்சட்டை கிழிந்தால் கொண்டுவருகிறேன், என் அளவுக்கு யாரும் தைக்க மாட்டேன் என்கிறார்கள் என்றார் யானை. சிரித்துக்கொண்டே மனைவி ஓட்டுநரிடம் திரும்பி, அந்தத் தையல்காரம்மாவை வர வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடச் சொன்னார்.

சாயங்காலம் ஓட்டுநர் சமையலறை வாசலில் உட்கார்ந்து டீக்காகக் காத்திருந்தார். மனைவி சுவரில் மேலே இருந்த தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினார். குதிகால் இரண்டும் எழும்பின. ஒரு கை மேடையைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு கை டப்பாவை விரல் நுனியால் ஓரத்துக்கு நகர்த்தி, விழப்போகும் நேரத்தில் பிடித்தது. கல்யாணம் ஆன நாள் முதல் இப்படித்தான் எடுக்கிறார். ஓட்டுநர் தினமும் பார்த்திருக்கிறார். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

எழுந்துபோய்த் தட்டிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார்.

"என்ன பண்றீங்க? அது எட்டுதுங்க."

"எட்டலம்மா. நீ இத்தனை வருஷமா எக்கி எக்கி எடுத்திருக்க."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, அளவு நாடாவை அவர் கையில் கொடுத்து, அவர் கேட்காமலே சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நின்றார்.