கருப்பனார் கேட்ட வாகனம்

கொல்லிமலைக்கு மேலே வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகிற பெரிய விமானங்களைப் பாவாயி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"அது டவுன் பஸ்சுங்க," என்பாள். "ஊர்ப்பட்ட சனம் உள்ள உக்காந்து வாயப் பொளந்து தூங்கிட்டுப் போகுது. அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது?"

அவளுக்கு விமானம் என்றால் கோணல்மாணலாக இருக்க வேண்டும். வாலைத் தொலைத்துவிட்டு வெறும் றெக்கையாகப் பறப்பது, பலாப்பழத்தை விழுங்கியது போல வயிறு வீங்கியது, தோணியைச் செருப்பாக மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவது. குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிவிட்டு வந்தால் கைகால் கழுவுவாளோ இல்லையோ, போனைத் திறந்து இவற்றைப் பார்க்க உட்கார்ந்துவிடுவாள். ஐம்பது வயதைத் தாண்டியும் அவள் ஏறிய அதிகபட்ச உயரம், மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் சாத்துகிற ஏணிதான்.

அவள் புருஷன் வெள்ளையன், ஊர்க் கருப்பனார் கோயில் பூசாரி.

"கருப்பனார ஒரு நாளாச்சும் இப்படிக் கண்ணு கொட்டாமப் பாத்திருப்பியா?" என்று அவர் கேட்பார்.

"கருப்பனாருக்கு ரெக்கை இருக்குதுங்களா?"

"நாக்கு அழுகிப் போயிரும்."

"போனாப் போகுது. பாக்கறது கண்ணுதானுங்களே."

அப்படிப்பட்டவள் தலைக்கு மேலே, தை மாதத்து ஒரு காலையில், பம்ப்செட் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மூடுபனி இறங்கி, பக்கத்துப் பாத்தியில் கூடக் களை வெட்டிய அத்தாயியே பாதிதான் தெரிந்தாள். சத்தம் இரண்டு முறை சுற்றியது. பிறகு கோயில் திடல் பக்கம் இறங்கி நின்றது. பாவாயி களைக்கொத்தை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. சேற்றுக் காலோடு ஓடினாள்.

திடலின் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒன்று நின்றிருந்தது. மூன்று சக்கரம், முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு, கூரை கிடையாது. தலைக்கு மேலே நீளமாக இரண்டு விசிறி அலகு, முதுகில் ஒரு காத்தாடி.

"எலிகாப்டரு!" என்றாள் பின்னாலேயே மூச்சிரைக்க வந்த அத்தாயி.

"எலிகாப்டரா? வாயக் கழுவு! இது ஜைரோ. மேல சுத்துது பாரு, பறக்கறப்ப அதுக்கு இஞ்சினே கெடையாது. காத்துல தானாச் சுத்தும். முதுகுல இருக்கறதுதான் தள்ளும்."

"இஞ்சின் இல்லாமச் சுத்துதா? அப்ப நின்னுபோச்சுன்னா?"

"நிக்காது. வண்டி கீழ எறங்குனாலும் காத்து சுத்திக்கிட்டேதான் இருக்கும். ஏங்கண்ணு, சரிதானே? ஆனா இதுக்குச் சின்னதா ரெண்டு ரெக்கை இருக்கணுமே, எங்க?"

தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். சிரித்துவிட்டாள்.

"அது ரொம்ப பழைய மாடலுங்க அக்கா. இப்ப றெக்கை கிடையாது. இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே!"

அவள் பெயர் ஜெயசுதா. மலைக்குக் கீழே ஏதோ பறக்கும் கிளப்பில் ஓட்டுகிறவள். மலையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவளைப் பனி வளைத்துக்கொண்டது. நீளமாகப் பச்சையாக ஓர் இடம் தெரிந்ததும் இறக்கிவிட்டாள். பனி விலகியதும் போய்விடுவாளாம்.

பாவாயி சுற்றி வந்து அலகைத் தடவினாள், சக்கரத்தை அமுக்கினாள், காத்தாடியை மோந்துகூடப் பார்த்தாள். பிறகு அடிக்குரலில் கேட்டாள்.

"பின்னாடி சீட்டு காலியாத்தான இருக்குது?"

"அக்கா, அதெல்லாம் முடியாதுங்க. முன்னாடியே எழுதி வாங்காம யாரையும் ஏத்தக் கூடாது."

"ஒரே ஒரு சுத்து கண்ணு."

"முடியாதுங்க அக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

அதற்குள் ஊர்க்கவுண்டர் செங்கோடன் வந்துவிட்டார். கூட ஊரும் வந்தது. அவர் வண்டியைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, இது கருப்பனார் எல்லை. ஆடோ மாடோ, தானா வந்து இதுக்குள்ள காலு வெச்சுதுன்னா, பூக் கேட்டுத்தான் வெளிய அனுப்பறது. வெள்ளை வந்தாப் போலாம். செவப்பு வந்தா நிக்கணும்."

"இது ஆடு இல்லீங்களே!"

"அதுக்குத்தான் கேக்கறோம். ஆடுன்னா எங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

பூக் கேட்பது பெரிய காரியமில்லை. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் ஒரே மாதிரி மடித்துக் கருப்பனார் காலடியில் வைப்பார்கள். கேட்கிறவர் ஒன்றை எடுக்க வேண்டும். மடித்துக் கட்டுவது பூசாரி வீட்டுக்காரியின் வேலை.

பாவாயி கோயிலுக்குப் பின்னால் அரளிச் செடியருகே குந்தினாள். வெள்ளையில் ஒன்றைப் பறித்தாள். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பெண் மதியத்துக்குள் பறந்துவிடுவாள். சாயங்காலம் வரை இருந்தால் மனசு இளகினாலும் இளகும். வெள்ளைப் பூவைத் தலையில் சொருகிக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் செவப்பை வைத்துக் கட்டினாள்.

ஜெயசுதா எடுத்தாள். செவப்பு.

"சரி, இன்னும் ரெண்டு தடவை கேக்கலாம்," என்றார் வெள்ளையன். "மூணுக்கு மேல கேட்டாச் சாமி கோவிச்சுக்கும்."

இடையில் பாவாயி அவளுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து போட்டாள். சாப்பிடுகிறவளிடம் கேள்வியாகக் கேட்டாள். மழையில் போகுமா, தலைகீழாகப் போகுமா, காகம் மோதினால் என்ன ஆகும். ஜெயசுதா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சீட்டைப் பற்றி மட்டும் பேச்செடுத்தால் குழம்பு நன்றாக இருக்கிறது என்றாள். ஆகவே இரண்டாவது தடவையும் செவப்பு வந்தது. பனி விலகி வெயில் அடித்த பிறகு கேட்ட மூன்றாவது தடவையும் செவப்புதான்.

பாவாயி இத்தோடு ஊர் கலைந்துபோகும் என்று நினைத்திருந்தாள். செங்கோடன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"புரியலையா உங்களுக்கு? மூணு தடவை செவப்புன்னா என்ன அர்த்தம்? மண் குதிரை கேட்டுக் கேட்டுச் சாமிக்குச் சலிச்சுப்போச்சு. இப்ப இதக் கேக்குது! நம்ம மலையில குண்டூர் நாட்டுல எந்தக் கோயில்லயாச்சும் இப்படி ஒரு வாகனம் உண்டா?"

"இல்லீங்க!" என்றது ஊர்.

"பெரக்கரை நாட்டுல?"

"அங்கயும் இல்லீங்க!"

"அப்பறம் என்ன? மஞ்சளக் கொண்டாங்க!"

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் வண்டிக்கு மேலும் மஞ்சள் ஏறியது. மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, காத்தாடியில் வேப்பிலைக் கொத்தும் ஆட்டுமணியும் கட்டினார்கள். எந்தச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது என்று சண்டை வந்து, மூன்றுக்கும் வைத்தார்கள். தகரக் கொட்டகை எந்தத் திசை பார்த்துப் போடுவது என்ற பேச்சும் ஆரம்பமாகிவிட்டது.

"நான் போலீசைக் கூப்பிடுவேன்!" என்று கத்தினாள் ஜெயசுதா.

"தாராளமாக் கூப்புடுங்க அம்மிணி. உள்ள வந்துட்டு வெளிய போறதுக்கு அவிங்களும் பூக் கேட்டுக்கட்டும்."

அவள் வண்டிக்குக் கீழே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பாவாயி பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அக்கா, எப்படியாவது வெளிய எடுத்துக் குடுங்க. உங்க வீட்டுக்காரர்தானே பூசாரி? ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். வர்றது வரட்டும்."

காலையில் இதைச் சொல்லியிருந்தால் என்ன! பாவாயி தலையில் அடித்துக்கொண்டாள். கைக்கு எட்டிய சீட்டைத் தானே கருப்பனாருக்குத் தாரை வார்த்துவிட்டாளே. வெள்ளையனைக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏனுங்க, இன்னொரு தடவை பூக் கேளுங்க."

"மூணுதான் கணக்கு."

"இந்தத் தடவை வெள்ளை வரும்."

"அதெப்படி உனக்குத் தெரியும்?" வெள்ளையன் அவள் தலையைப் பார்த்தார். மூன்று வெள்ளரளி வரிசையாகச் சொருகியிருந்தது. அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி! ரெண்டுலயும் செவப்பா?"

"மெல்லப் பேசுங்க."

"முப்பது வருசமா நான் அந்தச் சாமிகிட்டப் பொய் சொன்னதில்ல புள்ள!"

"நானும் சொல்லலீங்க. பூவுதான் சொல்லுச்சு."

"எங்கிட்டப் பேசாத. இனிச் சாமியே நேர்ல வந்து அனுப்பச் சொன்னாத்தான் உண்டு. என்னால ஒண்ணும் ஆகாது."

கோபத்தில் சொன்ன சொல்தான் அது. சொல்லிவிட்டு அவர் விடுவிடுவென்று போய்விட்டார். பாவாயி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

பாவாயிக்குச் சாமி வந்ததே இல்லை. மற்றவர்களுக்கு வரும்போது முந்தானைக்குள் சிரித்தவள் அவள். எப்படித் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. திடலுக்கு வந்து கண்ணை மூடி ஆடினாள். வாயிலிருந்து வந்த சத்தம் அவள் காலையிலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த சத்தம்தான்.

"ட்ருர்ர்ர்ர்ர்…"

கூட்டம் விலகி வழிவிட்டது. செங்கோடன் முன்னால் வந்தார்.

"யாரு வந்திருக்கறது? பேரச் சொல்லு!"

"கருப்பன்டா!"

ஊர்க்கவுண்டரை 'டா' போட்டது தொண்டைக்கு இதமாக இருந்தது. இன்னொன்றும் போட்டுக்கொண்டாள்.

"வண்டியக் கட்டி வெச்சு மஞ்ச பூசுனா ஆச்சாடா? சாமி ஏறிப் பாக்க வேண்டாமாடா? சுத்திப் பாத்துட்டு வாரேன். வந்ததும் வண்டிய அனுப்பிருங்க. கொட்டகையில கெடந்து துருப் புடிக்கறதுக்கா நான் கேட்டேன்? வேணுங்கறப்பக் கூப்புட்டுக்குவேன்!"

கூட்டத்தில் பாதிப் பேர் கும்பிட்டார்கள். அத்தாயி மட்டும் வாயில் விரலை வைத்துக்கொண்டு, "இவளுக்கா? இவ அதையேதான காலையில இருந்து சுத்தி வாரா?" என்றாள்.

செங்கோடனுக்கும் சந்தேகம் வந்தது. "புதுசா ஆடறவிங்களுக்கு ஒரு மொறை இருக்குது. பூசாரி, சூடத்தக் கையில ஏத்துங்க. மெய்யான சாமின்னாச் சுடாது."

பாவாயியின் ஆட்டம் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. ஜைரோவின் அலகு காற்றில் லேசாக அசைவதை ஓரக்கண்ணால் பார்த்தாள். வலது கையை நீட்டினாள்.

வெள்ளையன் சூடத்தோடு எதிரே வந்து நின்றார். கோயில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவள் கையைப் பார்த்தார். காய்த்துப்போன அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. அவர் இடுப்பு மடிப்பிலிருந்து வெற்றிலையை எடுத்தார். நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவள் உள்ளங்கையில் பரப்பினார்.

"வெத்தலை எதுக்கு?" என்றார் செங்கோடன்.

"சாமிக்கு வெறுங்கையில வெக்கறதா மாமா? மரியாதை வேண்டாமா?"

சூடம் எரிந்தது. வெற்றிலை சுருங்கிப் புகைந்து, கடைசி இலையில் சூடு கசிந்தபோது பாவாயி மறுபடி "ட்ருர்ர்ர்" என்றாள், முன்னைவிட உரக்க. சூடம் அடங்கியதும் ஊர் முழுக்க "கருப்பா!" என்று கத்தியது. செங்கோடனே வண்டிவரை பாதை விலக்கிவிட்டார்.

"எல்மெட்டு!" என்றது சாமி.

"சாமிக்கு எதுக்கு எல்மெட்டு?" என்றாள் அத்தாயி.

"சாமி போனதுக்கப்பறம் பாவாயிக்குத் தலை வேணுமில்ல?" என்றார் வெள்ளையன், வாரை மாட்டிவிட்டபடி. மாட்டும்போது காதோரம், "கம்பிய இறுக்கிப் புடிச்சுக்க," என்றார்.

ஜெயசுதா ஆட்டுமணியையும் வேப்பிலையையும் அவிழ்த்தாள். இஞ்சின் பிடித்தது. மேலே அலகு மெல்லச் சுற்றி, வேகமெடுத்து, வட்டமாக மங்கியது. வண்டி திடலில் குலுங்கிக்கொண்டு ஓடியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. குலுக்கல் சட்டென்று நின்றது. பாவாயி காலுக்குக் கீழே பார்த்தாள். புல் இல்லை. கோயில் ஓடுதான் இருந்தது, அதுவும் மேலிருந்து.

அவள் பார்த்த படம் எதிலும் காற்றுக்கு வாசம் இருந்ததில்லை. இங்கே பெட்ரோலும் ஈரமண்ணும் பலாப்பூவும் கலந்து மூக்கில் அடித்தது. படிப்படியாக இறங்குகிற சாமைக் காடுகள், அவளுடைய கிழங்குக் காடு, அதில் கிடந்த களைக்கொத்து. அங்கேதானா போட்டாள்! மலை விளிம்புக்கு அப்பால் பஸ் ரோடு மடிந்து மடிந்து சேந்தமங்கலம் பக்கம் இறங்கியது. வண்டி சாய்ந்து திரும்பியபோது வயிறு ஒரு பக்கம், பாவாயி ஒரு பக்கம். ஊஊ என்று கூவினாள். கண்ணீர் பின்னால் காதுக்குள் ஓடியது.

"அக்கா…" தலைக்கவசத்துக்குள் ஜெயசுதாவின் குரல் பயந்து பயந்து கேட்டது. "இப்ப நீங்கதானே பேசறீங்க?"

"இரு கண்ணு, ஊர்க்காரங்க பாக்கறாங்களான்னு பாக்கறேன்."

கீழே ஒருவரும் பார்க்கவில்லை. செங்கோடன், அத்தாயி, மொத்த ஊரும் திடலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, முகத்தைப் புல்லில் புதைத்துக் கிடந்தது.

"அடேய், மேல பாருங்கடா! பாவாயி பறக்கறேன்டா!"

சத்தம் எங்கே எட்டுகிறது? முதல் ஆளாக விழுந்திருக்க வேண்டிய பூசாரி மட்டும் விழாமல், தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி போகிற பக்கமெல்லாம் அவர் தலையும் போனது. வாய் பிளந்திருந்தது. பாவாயி கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினாள். அவர் பதறிப்போய்க் கம்பியைப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"அக்கா, எறக்கட்டுங்களா? ஒரு ரவுண்டுன்னுதானே பேசினோம்?"

"அது பாவாயி பேசுனது கண்ணு," என்றாள் அவள். "கருப்பனார் இன்னும் ஒண்ணும் பேசலையே. இன்னொரு சுத்து உடு."