முந்நூறு டிகிரிக்கு ஒரு வால்வு

மாரிகுப்பம் பக்கத்து அட்டைப்பெட்டி ஆலையில், நீராவியைத் திறந்து மூடுகிற குளோப் வால்வு கெட்டுப்போய் உற்பத்தி நின்றிருந்தது. பராமரிப்பு இன்ஜினியர் ரூபா, ஸ்டீல் வால்வுதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். வந்து இறங்கியதோ வெண்கல வகையான கன்மெட்டல்.

"ஸ்டீல் வர லேட்டாகும் மேடம். அதுவரைக்கும் இது போதும்" என்றார் மேனேஜர் சரத். பக்கத்து வீட்டில் கரண்டி இரவல் வாங்குகிற மாதிரி சொல்லிவிட்டார்!

வால்வின் மேல் பொறித்திருந்த அழுத்தம் சரிதான். ஆனால் அது குறைந்த சூட்டில் தாங்குகிற அழுத்தம். இந்த லைனில் வருவது முந்நூறு டிகிரி நீராவி. அந்தச் சூட்டில் கன்மெட்டல் நாளாக நாளாக வலுவிழக்கும். சொல்லிச் சொல்லி ரூபாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அழுத்தம் மேட்ச் ஆகுதில்ல?" என்பதிலேயே நின்றார் மனிதர்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. லைனில் புதிதாக எதை மாட்டினாலும், அதைத் தேர்ந்தெடுத்தவரே முதலில் நீராவியைத் திறக்க வேண்டும். ஊரில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், ஆட்களை இறக்குகிற கேஜுக்குக் கயிறு மாற்றியவர்தான் முதல் ஆளாகச் சுரங்கக் குழிக்குள் இறங்குவாராம், அதிலிருந்து வந்ததாம். மெய்யோ கதையோ, மைன் குடும்பத்து ஆட்கள் இதில் மட்டும் இம்மியளவு விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

வால்வை மாட்டி முடித்ததும் பாய்லர் ஆபரேட்டர் கோவிந்தராஜ் கையுறையை நீட்டினார். "இன்னா மேடம், தொறக்கறீங்களா?"

"இத எடுத்தது சாரு. அவரே தொறக்கட்டும்ண்ணா" என்றாள் ரூபா.

பயந்துபோய் வால்வைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அவள் நினைப்பு. சரத்தோ, "இவ்ளோதானா? குடுங்க" என்று சிரித்துக்கொண்டே கையுறையை மாட்டினார். மனிதர் நிஜமாகவே அந்த வால்வை நம்பினார்.

அவர் சக்கரத்தைப் பிடித்தபோதுதான் ரூபாவுக்கு உறைத்தது. இன்று ஒன்றும் ஆகாது. வால்வு தாங்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், ஸ்டீல் பேச்சை அப்புறம் யார் எடுக்கப்போகிறார்கள்? அது வெடிக்கிற அன்று எதிரில் நிற்கப்போவது கோவிந்தராஜ். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்!

ஓடிப்போய் அவர் கைமேல் கையை வைத்து அழுத்தினாள். "வேணாம் சார்."

"என்ன மேடம் விளையாட்டு? நீங்கதானே தொறக்கச் சொன்னீங்க!"

"சொன்னது தப்பு சார்."

"இப்ப தொறந்தா வெடிச்சிடுமா? அத மட்டும் சொல்லுங்க."

கோவிந்தராஜும் அவளையே பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் விவகாரம் முடிந்துவிடும். அந்தப் பொய் அவளுக்கு வாய்வரை வந்தது.

"இன்னிக்கி வெடிக்காது சார், நல்லாத்தான் ஓடும். என்னிக்கோ ஒருநாள் அண்ணன் எதிர்ல நிக்கும்போது வெடிக்கும். அதான் விடமாட்டேன்."

சரத் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. கோவிந்தராஜ் போய் பாய்லரை அணைத்தார்.