நாலாம் தாளின் சிலுவைகள்

வின்சன்ட் அழிப்பதில் கெட்டிக்காரர். லாசால் என்ற ஊரில், பழைய வரைபடங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில், ஸ்கான் செய்வதற்கு முன் தாளைத் துப்புரவாக்குவது அவர் வேலை. தூசி, கோப்பிக் கறை, பென்சில் கீறல், ஒன்றும் மிஞ்சக் கூடாது. இந்தப் பத்து வருடத்தில் அவரைப்போல் வேகமாகத் துடைக்க அங்கே ஆளில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

2004 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தலைக்கனம் இறங்கியது. அமெரிக்காவின் மொன்டானாவில், குரோ பழங்குடி மக்களின் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் காட்டும் வரைபடங்கள் வேலைக்கு வந்திருந்தன. அனுப்பிய குரோ அலுவலகத்திலிருந்து காலையில் ஒரு மின்னஞ்சல். நாலாம் தாளில் ஆற்றோரமாகப் பென்சில் சிலுவைகள் இருக்கும், அவை எங்கள் ஆட்களின் புதைகுழிகள், போட்டவர் இப்போது இல்லை, வேறு பிரதியும் இல்லை, கவனம்.

நாலாம் தாளை வின்சன்ட் வெள்ளிக்கிழமையே துடைத்து முடித்திருந்தார். நில அளவைக்காரர் போட்ட அடையாளம் என்று நினைத்துவிட்டார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனிதர், சிலுவையைச் சிலுவையென்று காணவில்லை. குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதைதான்.

எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். கோப்பியை ஊற்றிவிட்டுக் குடிக்க மறந்தார். தாளை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தபோது பென்சில் அழுந்திய தடங்கள் பதினேழு தெரிந்தன. மற்ற இடமெல்லாம் மொழுமொழுவென்று கிடந்தது. அவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தார்.

ஸ்கானரில் வேலை செய்யும் றஜனி எட்டிப் பார்த்து, மின்னஞ்சலையும் வாசித்தாள்.

"பென்சிலால இன்னும் கொஞ்சம் சிலுவை போட்டு விடுங்கோ அண்ணை. அவைக்கு என்ன தெரியப்போகுது?"

"ஆக்களைப் புதைக்காத இடத்தில குழி காட்டச் சொல்லுறியோ?"

"வேலை போனா?"

அவருக்கும் அந்தப் பயம்தான். பென்சிலை எடுத்தார். ஆற்று வளைவில் ஓரிடத்தில் வைத்தும் பார்த்தார். யாரோ தங்கள் பிள்ளையின் குழியை அங்கே தேடிக்கொண்டு வந்து நிற்பார்களே என்று நினைத்ததும் வெட்கமாயிருந்தது. பென்சிலை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

மறுமுனையில் குரோ அலுவலகத்துப் பெண் ஒருத்தி. வின்சன்ட் தன் பெயரைச் சொன்னார். நான்தான் அழித்தேன் என்றார். பதினேழின் தடம் இருக்கிறது, மிச்சம் போய்விட்டது என்றார். திட்டு விழும் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"மொத்தம் எத்தனை இருந்தது?" என்று மட்டும் கேட்டாள்.

வின்சன்ட் தாளை மறுபடி யன்னல் வெளிச்சத்தில் சரித்தார். அழிப்பதை எந்தத் தாளிலும் அவர் எண்ணியதில்லை.