கதவு எண் ஆறு, சமயத்தில் ஒன்பது

தையல்காரரின் வீடு முதல் தடவை தலைகீழாகப் புரண்டது, அவர் துணி வெட்டிக்கொண்டிருந்த ஆடைத் தொழிற்சாலையை இழுத்து மூடிய புதன்கிழமை. மத்தியானம் தொங்கிப்போன முகத்தோடு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். வீடு லேசாகச் செருமிக்கொண்டு சாயத் தொடங்கியது. அவசரமே படவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையும் வைத்துத் தைக்கிற நேரம் எடுத்துக்கொண்டு நிதானமாகப் புரண்டதால், இருவரும் முதலில் சுவரிலும் பிறகு கூரையிலுமாக நடந்துபோய் நிற்க முடிந்தது. உடைந்தது ஒரு கண்ணாடிக் குவளை மட்டுமே. அதுவும் ஏற்கெனவே விரிசல் விட்டதுதான்.

"மேல இருக்கறவன் பாத்துப்பான், விடுங்க," என்றாள் மனைவி.

தையல்காரர் அண்ணாந்து பார்த்தார். மேலே தரை இருந்தது, அவள் அப்போதுதான் துடைத்த ஈரத்தோடு. "எது மேல? இப்ப மேல இருக்கறது தரை!"

"எப்படிப் புரட்டினாலும் அவன் மேலதாங்க இருப்பான். முதல்ல சாப்பிடுங்க."

அப்படியே இரண்டு வருடம் ஓடியது. அறை நடுவே முளைத்து நின்ற மின்விசிறியின் மேல் வட்டப் பலகை ஒன்றைப் பொருத்தி, மெதுவாக ஓடவிட்டார்கள். சாப்பாட்டுப் பாத்திரங்கள் தாமாக ஆளுக்காள் வந்து போயின. விளக்குப் போட மட்டும் முக்காலி மேல் ஏற வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், வெறுங்கையோடு வருவது நன்றாக இருக்காது என்று கிழிந்த கால்சட்டையோ பொத்தான் அறுந்த கோட்டோ கொண்டுவந்தார்கள். தொழில் சூடுபிடித்தது. வாசலில் இருந்த 6 என்ற எண் 9 ஆகிவிட்டதால், அவர்களுடைய தபாலெல்லாம் நிஜ ஒன்பதாம் எண்ணில் இருந்த, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸம்மாவுக்குப் போனது. அவர் அதைக் கொண்டுவரும்போதெல்லாம், "உங்க வீட்டுக்கு எப்பதான் புத்தி வரும்?" என்று திட்டுவார். திட்டிவிட்டு உட்கார்ந்து டீ குடிப்பார். கொஞ்ச நாளில் தபால் இல்லாமலே வரத் தொடங்கினார்.

பிறகு ஒரு பெரிய பள்ளிக்கூடத்துச் சீருடையெல்லாம் தைக்கிற வேலை கிடைத்தது. அன்று வீடு மறுபடி புரண்டு நேராக நின்றது. நல்லது வந்தாலும் இப்படியா என்று தையல்காரருக்கு எரிச்சல். தையல் மிஷினை அப்போதுதான் கூரையில் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். அந்த வருடமே, கல்யாணமாகி நெடுங்காலம் கழித்து, மனைவி உண்டானாள். மனிதருக்குச் சந்தோஷத்தை விடப் பயம் ஜாஸ்தியாகிவிட்டது. இனி இவள் சுவரில் நடப்பதாவது! கப்பலைக் கட்டிப்போடுகிற தடிமனான சங்கிலி ஒன்றை வாங்கிவந்து, வீட்டைச் சுற்றி இறுக்கி, நான்கு மூலையிலும் முளையடித்துப் பூட்டினார். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "கடவுளே, இந்த ஒரு வேலைய மட்டும் நான் பாத்துக்கறேன், தப்பா எடுத்துக்காதே," என்று கும்பிட்டார். மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அவன் கையக் கட்டிப்போட்டுட்டு, அவன்கிட்டயே காப்பாத்துன்னும் கேக்கறீங்களே!"

மாதம் நெருங்கியபோது நர்ஸம்மா அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்தார். குழந்தையின் தலை மேலே இருந்தது. "தலைகீழாத் திரும்பணும், தம்பி. அப்பதான் நல்லபடியா வெளிய வரும். திரும்பலன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்," என்றார். தலைகீழாவதும் நல்லதுதான் என்று யாரும் சொல்லித் தையல்காரர் கேட்டது அதுவே முதல் தடவை. அவருக்கு அது பிடிக்கவில்லை.

வலி எடுத்த காலையில் கொட்டித் தீர்த்த மழையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. நர்ஸம்மா முழங்கால் தண்ணீரில் குடையோடு வந்து சேர்ந்தார். பார்த்தார். தையல்காரரை வாசலுக்கு அழைத்துப்போய், "இன்னும் திரும்பல. இப்படியே வந்தா ரெண்டு உசிருக்கும் ஆபத்து," என்றார். அந்த நேரம் பார்த்து வீடு செருமியது. சாய முயன்றது, முடியவில்லை. சங்கிலி விறைத்தது, சுவரில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடியது, சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க! அவுத்து விடுங்க!"

"இந்த நிலைமையிலயா? உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?"

"நீங்க பிடிச்சு நிறுத்தினது போதும். அவன் புரட்டட்டும்!"

தையல்காரர் மழையில் பூட்டின் முன்னால் நின்றார். எவ்வளவு மங்கின வெளிச்சத்திலும் ஊசியில் நூல் கோக்கிற கை, சாவித் துவாரம் தெரியாமல் தடுமாறியது. அவருக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது. "எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான். உன்கிட்ட விட்டுட்டேன், பாத்துக்கப்பா!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தியபடி திருகினார். சங்கிலி சேற்றில் விழுந்தது.

அன்றைக்குப் புரண்ட மாதிரி வீடு அதற்கு முன்னாலும் புரண்டதில்லை, பின்னாலும் புரண்டதில்லை. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பதமாக. நர்ஸம்மா வீட்டை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே, அவளைக் கைத்தாங்கலாகச் சுவர் வழியே கூட்டிப்போய்க் கூரையில் படுக்கவைத்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் வைவதை நிறுத்தினார்.

"திரும்பிடுச்சு. இதுவும் கூடவே புரண்டிடுச்சு!"

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். மழைச் சத்தத்தையும் மீறி அதன் அழுகை தெருக்கோடி வரை கேட்டது. தையல்காரர் அதைவிடச் சத்தமாக அழுதார் என்று நர்ஸம்மா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

அதற்குப் பிறகு வீடு எத்தனையோ தடவை புரண்டுவிட்டது. போன மாதம் ஒரு பஸ் டிரைவர் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றபோது சுவர் சாயத் தொடங்கியது. புது ஆள், அலறிவிட்டார். தையல்காரர் அவர் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுக்கவே இல்லை. "பயப்படாதீங்க, அப்படியே சுவத்துல காலை வைங்க," என்று சொல்லி, நாடாவின் இரு முனையையும் பிடித்தபடியே அவரைப் பக்குவமாகக் கூரைக்கு நடத்திப்போனார்.

"இது இப்ப எதுக்குங்க புரளுது? நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்றார் டிரைவர், மூச்சு வாங்க.

"இன்னும் தெரியலீங்க," என்றார் தையல்காரர். "காலர் கொஞ்சம் லூசா இருக்கட்டுமா?"